பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



காலை முதல் உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் துறை அறிந்தவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் அத்துறைகளில் தேர்ந்தவன் அல்லன். பள்ளிக்கூட ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருப்பதெல்லாம் இந்த மேசைமீது இருக்கும் தகரப் பெட்டி ஒன்றுதான். இது என் பாட்டனாருடையது. இதனுள் 1920ஆம் ஆண்டுகளையும் 1930ஆம் ஆண்டுகளையும் சேர்ந்த பத்திரிகைகள், கறையான் தின்றது போக மீந்தவை, இருக்கின்றன. இவற்றில் உள்ள செய்திகளைச் சரித்திரப் புத்தகங்களில் காணலாம். ஆனால் விளம்பரங்களை எந்தச் சரித்திர ஆசிரியரும் நமக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

அக்காலத்தில் விளம்பரம் ஒரு மூலையில் ஒதுங்கி நின்ற பொருள் அன்று. சென்னையின் ஆங்கில நாளிதழாகிய இந்துவின் முதற் பக்கம் 1958 வரையில் முழுக்க முழுக்க விளம்பரமாகவே இருந்தது. செய்தி வேண்டுமானால் உட்பக்கத்தைத் திருப்ப வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளிலும் மருந்து, சோப்பு, கடிகாரம், கலப்பை, விளக்கு ஆகிய அனைத்தும் தேசத் தலைவர்களின் பிரசங்கங்களுக்கு அருகிலேயே அச்சாயின. 1931ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. அப்படியிருக்க, கிராமத்தில் இந்த விளம்பரத்தைப் படித்தவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பத்திரிகை வந்தது. மாலை வேளையில் சாவடித் திண்ணையில் பள்ளிக்கூட வாத்தியார் அதை உரக்கப் படிப்பார்; இருபது முப்பது பேர் கேட்பார்கள். செய்தி தீர்ந்த பிறகும் விளக்கில் எண்ணெய் இருந்தால் விளம்பரத்தையும் படிப்பார். காந்தியடிகள் உப்பெடுத்த செய்தியை வாசித்த அதே குரல், ஒரே புட்டியில் பதினாறு நோயும் தீரும் என்பதையும் வாசித்தது. கேட்டவர்களுக்கு இரண்டும் பத்திரிகையில் வந்தவைதாம்.

பொருளை வரவழைப்பதற்கும் வழி இருந்தது. 1877ஆம் ஆண்டில் தபால் இலாகா வி. பி. பி. முறையைக் கொண்டு வந்தது. 1880இல் மணியார்டர் வந்தது. ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டால் போதும். சாமான் வீட்டு வாசலுக்கு வரும். பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பெட்டியைப் பெற்றுக்கொள்ளலாம். கடையில் வாங்குவதற்கும் இதற்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. கடையில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். பிறகுதான் காசு கொடுக்கிறோம். வி. பி. பி.யில் காசு கொடுத்த பிறகுதான் கட்டைப் பிரிக்க முடியும்.

என் பாட்டனார் இவ்வாறு பிரித்த ஒரு கட்டின் கதை எங்கள் வீட்டில் வெகு நாள் வழங்கிற்று. படர்தாமரைக் களிம்பு பன்னிரண்டு டப்பி வாங்குவோருக்குக் கடிகாரம் ஒன்று இனாம் என்று ஒரு விளம்பரம். இத்தகைய இனாம் விளம்பரங்கள் அந்நாளில் மலிந்திருந்தன. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் படர்தாமரை கிடையாது. ஆயினும் கடிகாரத்தை எண்ணிப் பாட்டனார் எழுதிப் போட்டார். களிம்பும் வந்தது, கடிகாரமும் வந்தது. கடிகாரத்தின் முட்கள் தகட்டின்மேல் மையினால் வரையப்பட்டவை, எப்போதும் எட்டேகால்தான். நெல் அரைப்படி குறைவாக அளந்த குத்தகைதாரரை நோக்கி என் பாட்டி, "உங்கள் எசமான் கடிகாரம் போல அளக்கிறாயே" என்பாராம். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய நஷ்டம்.

சிரிக்க முடியாத நஷ்டமும் உண்டு. எங்கள் ஊர் மலையடிவாரம். முறைக்காய்ச்சல் ஆண்டுதோறும் வரும். பாட்டனாரின் தங்கை ஒருவர், பதினான்கு வயதுப் பெண், ஒரு மழைக்காலத்தில் படுத்தார். பத்திரிகையில் பார்த்த காய்ச்சல் மிக்ஸ்சர் ஒன்றை வரவழைத்தார்கள். ஒரு புட்டி தீர்ந்தது. காய்ச்சல் சற்றுத் தணிந்து திரும்பியது. மேலும் இரண்டு புட்டிகளுக்கு எழுதினார்கள். கடைசிப் புட்டி வந்து சேர்ந்த நாளில் அதைக் குடிக்க ஆள் இல்லை. அந்த மருந்தை விற்ற கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம். அது என்றோ மறைந்துவிட்டது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. நம் நீலகிரியில் நடுவட்டத்தில் சர்க்கார் சிங்கோனாத் தோட்டம் போட்டு, அதன் பட்டையிலிருந்து குயினைன் எடுத்து வந்தனர். வங்காளத்தில் 1892ஆம் ஆண்டு முதல் குயினைன் தூளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டிக் காலணாவுக்குத் தபால் ஆபீஸ்களில் விற்றார்கள். பிற்பாடு ஏனைய மாகாணங்களிலும் இம்முறை பரவியது. அதாவது, மிக்ஸ்சர் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்த இலாகாவே காய்ச்சலின் நிஜமான மருந்தையும் விற்றுக்கொண்டிருந்தது. ஆனால் சாவடியில் அதைப் பற்றி ஒருவரும் படித்துக் காட்டவில்லை. காலணாப் பொட்டலத்திற்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? குயினைன் கசப்பு, உடம்புக்குச் சூடு என்று ஊரில் ஒரு பேச்சு. மிக்ஸ்சருக்கோ தாசில்தார் ஒருவரும் ஜமீன்தார் ஒருவரும் கையெழுத்திட்ட நற்சாட்சிப் பத்திரம்.

மருந்து விளம்பரங்களில் சூது செய்தவர்கள் நம் நாட்டார் மட்டும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பீச்சம் மாத்திரை என்று ஒன்று இருந்தது. ஒரு பெட்டி ஒரு கினி பெறும், அதாவது 21 ஷில்லிங் பெறும், என்பது அதன் விளம்பர வாசகம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எங்கும், இந்தியப் பத்திரிகைகளிலும், அது விளம்பரமாயிற்று. 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தார் இத்தகைய ரகசிய மருந்துகளை வாங்கிச் சோதனைச் சாலையில் பிரித்துப் பார்த்து, கண்டதை ஒரு நூலாக வெளியிட்டனர். அந்த மாத்திரையில் இருந்தவை மூசாம்பரம், சுக்குத் தூள், சோப்பு ஆகிய மூன்றே. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளிருந்த சரக்கின் விலை அரை ஃபார்த்திங் அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். விலையில் நூற்றில் ஒரு பங்குகூட மருந்து இல்லை. மூசாம்பரம் மலத்தை இளக்கும் என்பது நம் வீட்டுக் கிழவிகளுக்கும் தெரியும். ஆகவே அந்த மாத்திரை சுத்தப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விற்கப்பட்டது மூசாம்பரம் அன்று, நம்பிக்கை. இந்த வியாபாரத்தை விசாரிக்கப் பார்லிமெண்டு ஒரு கமிட்டியை 1912இல் நியமித்தது. அதன் அறிக்கை வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் தொடுத்தது. அறிக்கையை எவர் படிப்பார்?

குழந்தைகளுக்கான மருந்தும் இதற்கு விலக்கன்று. நாட்டிங்காமில் 1851இல் வுட்வர்டு என்பவர் ஆக்கிய கிரைப் வாட்டர் நம் நாட்டிலும் வீட்டுக்கு வீடு புகுந்தது. அதன் பழைய கலவையில் மதுசாரம் இருந்தது. குழந்தை உறங்கியதைக் கண்ட தாய்க்கு, எதனால் உறங்கிற்று என்று சொல்வார் இல்லை.

இனி நமக்கு நேரே சம்பந்தமான விவசாயச் சாமான்களுக்கு வருகிறேன். இவற்றின் விளம்பரங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. மருந்து விளம்பரம் எவ்வளவு வாய் வீச்சாக இருக்கிறதோ, அவ்வளவு அடக்கமாகக் கலப்பை விளம்பரம் இருக்கிறது. படம், எடை, விலை, கிடைக்குமிடம், அவ்வளவே. காரணத்தை ஆராய்ந்தால் அது விவசாயியின் கண்ணில் இருக்கிறது. கலப்பை நல்லதா என்பது ஒரு சால் ஓட்டினால் தெரிந்துவிடும். பொய் சொல்ல இடமில்லை.

அதே காரணத்தால் கலப்பையை விளம்பரத்தைக் கொண்டு விற்பதும் கடினமாயிருந்தது. லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903ஆம் ஆண்டில் பெல்காமில் இரும்புக் கலப்பை செய்யத் தொடங்கினார். இரும்பு பட்டால் நிலம் விஷமாகும் என்று விவசாயிகள் அஞ்சினர். முதற் கலப்பையை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின என்று சொல்லுவார்கள். காகிதத்தில் எத்தனை அச்சடித்தாலும் அந்த அச்சம் போகாது. பக்கத்து வயல்காரன் ஓட்டி, அவன் வயல் விளைந்ததைக் கண்ட பிறகே மற்றவன் வாங்கினான். அந்த விவசாயியை அறிவிலி என்று ஏளனம் செய்தவர்கள் அக்காலத்தில் பலர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணால் காணாததை வாங்க மறுத்த அந்த நிதானம் மருந்துப் புட்டி விஷயத்திலும் இருந்திருந்தால் எங்கள் வீட்டுப் பெண் பிழைத்திருக்கலாம்.

விதைக்கும் இது பொருந்தும். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1921இல் ஜி. இ. பி. 24 என்னும் நெல்லை வெளியிட்டனர். கிச்சிலிச் சம்பா என்று நம் பெரியவர்கள் அழைத்தது அதைத்தான். அது ஊருக்கு ஊர் பரவியது இனாம் கடிகாரத்தினால் அன்று. அறுவடையைப் பார்த்தவன் மாமன் மச்சானிடம் ஒரு மரக்கால் விதை கேட்டு வாங்கிப் போனான். அதே கோயம்புத்தூரின் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1912 முதல் உண்டாக்கப்பட்ட கரும்பு ரகங்கள் பஞ்சாப் வரையில் சென்றன. கரும்பு தானே பேசிற்று.

உரத்தின் நிலை கலப்பைக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ளது. ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் 1906ஆம் ஆண்டில் உரத் தொழிற்சாலை அமைத்தனர். எலும்புத் தூளும் பிண்ணாக்கும் போய், வெண்மையான சரக்கு மூட்டையில் வரலாயிற்று. சாணத்தை முகர்ந்தால் மக்கியதா இல்லையா என்று தெரியும். பிண்ணாக்கைக் கடித்தால் மண் கலந்ததா என்று தெரியும். வெண்மையான தூளைப் பார்த்தோ தொட்டோ அதில் தழைச்சத்து எத்தனை பங்கு, உப்பு எத்தனை பங்கு என்று யார் கூறுவார்? பயிர் பதில் சொல்லும். ஆனால் ஒரு போகம் கழிந்த பிறகு சொல்லும். அதற்குள் பணம் போய்விடும். மழை மேல், நிலத்தின் மேல், நம் தலைவிதியின் மேல் பழி போட வியாபாரிக்கு அவகாசமும் இருக்கும்.

வீட்டுச் சாமான்களை விரித்துரைக்கப் பொழுதில்லை. சன்லைட் சோப்பு 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கியது. சோப்பு துணியை வெளுக்கிறதா என்பது துவைத்த அன்றே தெரிவதால் அதில் பெரிய வஞ்சனைக்கு இடமில்லை. ஆனால் வனஸ்பதியைச் சொல்லாமல் விட முடியாது. 1937இல் டால்டா சந்தைக்கு வந்தபோது, தகர டப்பா வடிவிலேயே மோட்டார் வண்டி செய்து ஊர் ஊராக ஓட்டி, தெருவில் பலகாரம் சுட்டுக் காட்டினார்கள். பார்க்க நெய், உறைவதும் நெய் போல. தானே ஒரு பெயரில் நிற்கிற வரைக்கும் அதில் குற்றமில்லை. நெய்க்குள் கலந்து நெய்யென்று விற்றபோதுதான் கலகம் பிறந்தது. வர்ணம் போட வேண்டும் என்றனர் சிலர். தடை செய்ய வேண்டும் என்றனர் சிலர். கடைசியில் சர்க்கார் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நல்லெண்ணெய் இருப்பதை எளிய இரசாயனச் சோதனையில் நிறம் மாறுவதைக் கொண்டு கண்டுவிடலாம். நெய்யில் அந்த நிறம் தோன்றினால் கலப்படம் பிடிபட்டது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரிய வைப்பதே அந்த விதியின் சூட்சுமம்.

இந்த விளம்பரங்களை ஏற்ற பத்திரிகைகள் நல்லவையா கெட்டவையா என்ற கேள்விக்கு என்னால் ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அந்த லாபத்தைக் கொண்டு 1908இல் அங்கே ஆந்திர பத்திரிகை என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். 1914இல் அதைச் சென்னையில் நாளிதழாக்கினார். தேசிய இயக்கத்திற்கு அந்தப் பத்திரிகை செய்த தொண்டு பெரிது. தலைவலித் தைலம் விற்ற காசுதான் அதற்கு முதல். இன்று மயிலாப்பூரில் அவர் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. எஸ். எஸ். வாசனும் தபால் வழி வியாபாரமும் விளம்பரம் சேகரிக்கும் தொழிலும் செய்து வந்தவரே. ஆனந்த விகடனை 1928இல் அவர் வாங்கியபோது பெயரின் எழுத்து ஒன்றுக்கு 25 ரூபாயாக 200 ரூபாய் கொடுத்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. எட்டெழுத்துதான், கணக்குச் சரியாகவே இருக்கிறது! மறுபுறம் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் விளம்பரம் ஏற்பதை அவர் நிறுத்தினார். யங் இந்தியாவையும் நவஜீவனையும் விளம்பரமின்றியே நடத்தினார். சந்தாக்காரர் கொடுப்பதில் பத்திரிகை வாழட்டும் என்பது அவர் கொள்கை. அப்படி எல்லாராலும் நடத்த முடிந்திருந்தால் நன்று. முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊர்ச் சாவடிக்குப் பத்திரிகை மலிவாக வந்ததற்கும் அந்த மிக்ஸ்சர் புட்டியே ஒரு பங்கு காரணம். இதை எண்ணும்போது மனம் கசக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1930இல் கர்னல் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் கமிட்டி அமைந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது. குயினைன் உள்ளிட்ட மருந்துகள் உரிய வீரியமின்றி விற்கப்படுவது அதனால் வெளியாயிற்று. 1940இல் மருந்துச் சட்டம் வந்தது. சுதந்தரத்திற்குப் பின்னர், 1954இல், ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நீரிழிவு, புற்றுநோய், காக்காய் வலிப்பு, பாரிசவாயு முதலாக அட்டவணையில் கண்ட 54 நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே குற்றம். நோய் தீர்க்கும் தாயத்து, கவசம், மந்திரம் என்று விளம்பரம் செய்வதும் குற்றம். இச்சட்டம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று வழக்குத் தொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட் 1959 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது. சட்டத்தின் சில பகுதிகள் தள்ளுபடியாயின, அடிப்படை நிலைத்தது. இன்றும் அமலில் உள்ள சட்டம் இது. ஆயினும் உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துச் சுவரில், சர்க்கரை நோய் அடியோடு ஒழியும் என்ற சுவரொட்டியை நேற்றுகூட நீங்கள் கண்டிருக்கலாம். கைபேசியில் காண்பதற்குக் கணக்கே இல்லை. சாவடி வாத்தியார் இருந்த இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது. படித்துக் காட்டும் குரல் நமக்குப் பழக்கப்பட்டவருடையது போலவே இருக்கிறது.

விவசாயச் சாமான்களுக்கும் இத்தகைய காவல் உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணை முதலில் 1957இலும், இப்போதுள்ள வடிவில் 1985இலும் வந்தது. விதைச் சட்டம் 1966. பூச்சிமருந்துச் சட்டம் 1968. இவை அனைத்தும் வனஸ்பதியில் இட்ட நல்லெண்ணெய் போன்றவை. மூட்டையின் மேல் சத்தின் பங்கும் உச்ச விலையும் அச்சாகியிருக்க வேண்டும். சான்று விதைப் பையில் நீல அட்டையும், ஆதார விதைப் பையில் வெள்ளை அட்டையும் தைத்திருக்க வேண்டும். பூச்சிமருந்துப் புட்டியில் சாய்சதுரம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று விஷம் குறைந்து வரும். எழுத்தறியாதவரும் நிறமறிவார்.

ஆயினும் ஒரு வகைப் பொருளை இங்கே தனியே குறிப்பிட விரும்புகிறேன். பயிர் ஊக்கி என்னும் பெயரில் வரும் திரவங்களைச் சொல்கிறேன். 2021ஆம் ஆண்டில்தான் இவை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. இவற்றில் பயனுள்ளவை இல்லாமல் இல்லை. ஆனால் நல்ல மழை பெய்த ஆண்டில் ஊக்கி தெளித்த வயலும் விளையும், தெளிக்காத வயலும் விளையும். புகழ் ஊக்கிக்கே சேரும். பழைய மருந்துப் புட்டியின் லட்சணம் அனைத்தும் இதற்கு உண்டு: அழகான படம், வேற்றூர் விவசாயியின் நற்சாட்சி, இரண்டு வாங்கினால் ஒன்று இனாம். வாங்குகிறவர்கள் வயலில் நான்கு பாத்தியைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள். கலப்பையை ஒரு சால் ஓட்டிப் பார்ப்பது போன்ற பரீட்சை இது.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தவன் வெட்கத்தினால் வெளியே சொல்வதில்லை. என் பாட்டனாரும் களிம்புக் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே சொன்னார். முளைக்காத விதையை வாங்கினவர் ஒருவர் வாய் திறந்தால், அதே கடையில் வாங்கின பத்துப் பேர் இருப்பது தெரியவரும். கிராம சபையில் அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பனைச் சீட்டு, அட்டை, மீந்த சரக்கு ஆகிய மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். விதை ஆய்வாளருக்கும் உர ஆய்வாளருக்கும் இவை இல்லாமல் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும். சீட்டுக் கேட்டால் விலை ஏறும் என்று சொல்லும் கடைக்காரரின் பெயரையும் சபையில் சொல்லலாம். மருந்துச் சுவரொட்டியானால் மாவட்டத்து மருந்து ஆய்வாளருக்குப் படம் எடுத்து அனுப்பலாம்.

இப்போது இந்தப் பெட்டியைத் திறந்து வைக்கிறேன். வலப்பக்கம் பழைய பத்திரிகைகளை விரிக்கிறேன். உங்களில் சிலர் நான் கேட்டுக்கொண்டபடி கொண்டு வந்திருக்கும் துண்டுப் பிரசுரங்களையும் மூட்டை அட்டைகளையும் இடப்பக்கம் வையுங்கள். காகிதம் மிகவும் நொறுங்கிப்போயிருக்கிறது. எடுப்பவர்கள் இரண்டு கையாலும் ஏந்தி எடுக்க வேண்டுகிறேன். கடிகாரம் அடியில் இருக்கிறது. இப்போதும் எட்டேகால்தான்.